அஞ்சு டம்ளரும் ஒரு வெள்ளரிப் பந்தலும்

பதுருன்னிசா அளவில் கெட்டிக்காரி. அந்த பிளாக்கில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். முப்பது வருஷமாக அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். கழுத்து இறங்கிவிட்டது, கை பிடிக்கிறது என்று ஒருத்தி திரும்பி வந்தது கிடையாது. உலை வைத்தால் சோறு மிஞ்சவும் மிஞ்சாது, பற்றாமலும் போகாது. இப்படிப்பட்டவளிடம்தான் ஆஸ்பத்திரியில், இனிமேல் உன் புருஷனுக்குத் தண்ணீரை அளந்து ஊற்று என்றார்கள். அவளும் ஒரு சொட்டுப் பிசகாமல்தான் ஊற்றினாள். அப்படி ஊற்றியும் என்ன ஆனது என்கிற வயிற்றெரிச்சலைத்தான் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

புருஷன் பெயர் அப்துல் கபார். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்ஷனில் பர்மனென்ட் ஆள். மூன்று ஷிப்டும் மாறி மாறி முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவர். வெயில் காலத்தில் அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு போவார். ஷிப்டு முடிவதற்குள் அதைக் காலி செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இன்னும் ஒரு செம்பு கேட்பார். சர்க்கரை வந்தது. வந்ததை மனிதர் மதிக்கவில்லை. கேன்டீனில் மற்றவர்கள் குடிக்கிற டீயைத்தான் இவரும் குடித்தார், மற்றவர்கள் தின்கிற இனிப்பைத்தான் இவரும் தின்றார். ஐம்பத்தைந்து வயதில் கால் வீங்கி, முகம் ஊதிப்போய், டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் இரண்டு கிட்னியும் போயே போய்விட்டது. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது.

அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், கடலூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கவேண்டும். சிறுநீர் அறவே நின்றுவிட்ட உடம்பு. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர அந்த மெஷினை விட்டால் வேறு வழி கிடையாது. வராமல் தங்குகிற தண்ணீர் முதலில் காலில் நிற்கும், அப்புறம் வயிற்றில், கடைசியில் நுரையீரலில் ஏறி மூச்சை அடைத்துவிடும். அங்கே நர்சாக இருந்த சுப்புலட்சுமி இதை முதல் நாளே பதுருன்னிசாவை உட்காரவைத்து விளக்கினாள். நல்ல பெண், கொஞ்சம் கறார். ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர்தான்; டீ, மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்குகிற தண்ணீர்கூட அந்த அஞ்சுக்குள்தான் என்றாள்.

“ஊத்துறது எல்லாம் கணக்கும்மா. அவரு கெஞ்சுவாரு, அழுவாரு. நீங்க எளகிட்டீங்கன்னா அவரு உசுருக்கு நீங்கதான் எமன்.”

அந்தச் சொல் பதுருன்னிசாவின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. அவள் இளகவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரை அவருக்கென்று ஒதுக்கினாள். தைக்கிற பெட்டியிலிருந்து அஞ்சு பித்தான்களை எடுத்து அடுப்படி ஜன்னலில் வரிசையாக வைத்தாள். ஒரு டம்ளர் கொடுத்தால் ஒரு பித்தான் அந்தப் பக்கம் போகும். அஞ்சும் போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ராத்திரி அவர் நாக்கு பல்லில் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னாலும், ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவருக்காக அவள் அழுதது யாருக்குத் தெரியும்? குழாயடியில் அழுதால் சத்தம் கேட்காது, அங்கே போய் அழுதுவிட்டு வருவாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் கூடாதவை, மறுபக்கம் சாப்பிடக்கூடியவை. கூடாத பக்கத்தைப் படித்தால் மனுஷன் எதற்கு உயிரோடு இருக்கவேண்டும் என்று தோன்றும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய், கருவாடு எதுவும் கூடாது. மறுபக்கம் நாலைந்து காய்கள். அதில் கடைசியாக வெள்ளரிக்காய். தலைப்பில் ‘அளவோடு’ என்று ஒரு சொல் இருந்தது. நாலு வாய் சோறு தின்னவைப்பதே பெரும்பாடாக இருக்கிற நோயாளிக்குக் காயில் என்ன அளவு வேண்டிக்கிடக்கிறது, உப்பையும் எண்ணெயையும் சொல்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளரியைக் கடையில் வாங்குவானேன் என்று சொன்னது கலியம்மாள். இரண்டு வீடு தள்ளி இருந்தவள். வளையமாதேவிப் பக்கம் மாமனார் நிலம் மைன்ஸுக்குப் போய், அதற்குப் பதிலாகப் புருஷன் ராஜாங்கத்துக்கு வேலை கிடைத்து குவார்ட்டர்ஸுக்கு வந்தவர்கள். நிலம் போனாலும் கை போகுமா? குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுக்குள் அவள் நடாத செடி கிடையாது. கபாருக்கு வந்த நோயைக் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு மனசு ஆறவில்லை. தை மாசத்தில் ஒரு நாள் ஒரு பிடி விதையைப் பழைய காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தாள்.

“வெள்ளரி நீர் பிரிக்குற காய் பாயம்மா. கிட்னிய கழுவி வுட்டுடும். எங்க வூட்ல நீர்க்கடுப்புன்னா இதத்தான் தின்னுக்கினு கெடப்போம்.”

ஊரெல்லாம் சொல்கிற சமாசாரம்தானே, புதிதா என்ன? கழுவுவதற்குக் கிட்னி என்று ஒன்று வேலை செய்யவேண்டும் என்பது கலியம்மாளுக்கும் தெரியாது, பதுருன்னிசாவுக்கும் தோன்றவில்லை. சீட்டிலும் அனுமதி இருக்கிறது, நாட்டு வைத்தியமும் சரி என்கிறது. அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், இரண்டு வருஷத்தில் இருந்ததில்லை.

விதையை ஈரத்துணியில் முடிந்து ஒரு ராத்திரி வைத்தாள். வால் விட்ட விதைகளை மட்டும் பொறுக்கி, வீட்டுக்குப் பின்னால் பலாமரத்து நிழல் படாத இடமாகப் பார்த்து நாலு குழி எடுத்தாள். அந்தச் செம்மண்ணுக்கு எரு போட்டால்தான் உண்டு. கலியம்மாள் ஒரு கூடை சாணி எரு கொண்டுவந்து கொட்டினாள். பதினைந்து நாளில் கொடி வீசிவிட்டது. சவுக்குக் குச்சி நட்டு, குறுக்கே நைலான் கயிறு இழுத்து, பதுருன்னிசாவே பந்தல் போட்டாள். கயிற்றை அவள் கட்டியதைப் பார்க்கவேண்டும். முழத்துக்கு முழம் டேப் வைத்து அளந்த மாதிரி இருந்தது.

அந்த ஊரில் செடி வளர்ப்பது லேசில்லை. காலையில் எழுந்து பார்த்தால் இலை முழுக்கக் கரிப்புழுதி படிந்திருக்கும். நோன்போ காய்ச்சலோ, அவள் தினமும் ஒவ்வோர் இலையையும் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடுவாள். சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கியபோது சாம்பல் தூவச் சொன்னாள் கலியம்மாள். கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற இந்த ஊரில் சாம்பலுக்கா பஞ்சம் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். பிஞ்சில்லாத பூவாகப் பூக்கிறதே என்று பதுருன்னிசா அவற்றைக் கிள்ளப் போனபோது, அதெல்லாம் ஆண் பூ, கிள்ளினால் காயே பிடிக்காது என்று தடுத்ததும் கலியம்மாள்தான். எல்லாவற்றுக்கும் மேலே அவள் ஒன்று சொன்னாள். தண்ணீர் குறைந்தால் காய் கசந்துவிடும். வெள்ளரிக்கு மட்டும் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது.

அதனால் காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம். பின்வாசல் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு அவள் ஊற்ற, பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கபார் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் மண்ணில் இறங்குகிற சத்தம் அவருக்குக் கேட்கும். ஒரு நாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அந்தக் கொடிக்கு இருக்கிற கொடுப்பினைகூடத் தனக்கு இல்லையே என்று. பதுருன்னிசா மறுநாள் நாற்காலியைத் தூக்கி முன்வாசலில் போட்டாள். அவர் அதை மெல்ல இழுத்துக்கொண்டு திரும்பப் பின்பக்கமே வந்து உட்கார்ந்தார்.

ரமலான் வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை. அவள் பிடித்தாள். பகலெல்லாம் தொண்டை காயும்போது, இதைத்தானே இந்த மனுஷன் வருஷம் முழுக்க அனுபவிக்கிறார் என்று நினைப்பாள். அவளுடைய தாகத்துக்குப் பொழுது சாய்ந்ததும் மஃரிப் பாங்கு என்று ஒரு முடிவு இருந்தது. அவருடைய தாகத்துக்கு எந்தப் பாங்கும் இல்லை. பள்ளிவாசலிலிருந்து வருகிற நோன்புக் கஞ்சி என்றால் அவருக்கு உயிர். அது ஊற்றுகிற சாமானாயிற்றே! வாசனையை மட்டும் பிடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ரமலான் பிறை இருபத்தொன்று அன்றைக்குத்தான் முதல் காய் பறித்தாள். சாண் நீளம், மேலே லேசாக முள் பரவிய இளங்காய். தலையை வெட்டித் தேய்த்து, நுரையை எடுத்து, தோல் சீவி, வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் வைத்து நோன்பு திறக்கிற நேரத்தில் அவர் முன்னால் நீட்டினாள். உப்பு இல்லை, மிளகுத்தூள் இல்லை. அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு. தட்டு காலியானதும், “பதுரு, வாயெல்லாம் நனைஞ்சுபோச்சு” என்றார். குழந்தை மாதிரி சொன்னார். அவள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோன்பு திறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் யார் கேட்பது? கொடியும் வஞ்சகமில்லாமல் காய்த்தது. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டாயிற்று. இரண்டு, நாலாயிற்று. மற்றது எதையும் அளந்து அளந்து கை மரத்துப் போனவளுக்கு, இது ஒன்றையாவது அளக்காமல் கொடுக்க முடிகிறதே என்று இருந்தது. பெருநாளன்று பிரியாணியை ஒரு கவளம் மட்டும் கொடுத்துவிட்டு, ஒரு தட்டு நிறைய வெள்ளரி வைத்தாள். வெயில் ஏற ஏற அவர் கேட்கக்கூட வேண்டியதில்லை, கையில் தட்டோடு வந்து நிற்பாள். ஜன்னலில் பித்தான்கள் அஞ்சும் அவை பாட்டுக்கு முறையாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் மெஷினில் படுக்கவைக்கும் முன்னால் எடை பார்ப்பார்கள். இரண்டு தடவைக்கு நடுவில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் பரவாயில்லை. பெருநாள் கழிந்த திங்கட்கிழமை மூன்றரை கிலோ ஏறியிருந்தது. அடுத்த திங்கள் நாலு. சுப்புலட்சுமி எடை மெஷினையும் அவர் காலையும் பார்த்தாள். விரலால் கணுக்காலை அழுத்தினாள்; குழி விழுந்தது, மேலே எழும்பவில்லை. எத்தனை டம்ளர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். அஞ்சுதான் என்றாள் பதுருன்னிசா. ஜூஸ், மோர், இளநீர்? அல்லாஹ் மேல் ஆணையாகக் கிடையாது. சாப்பாடு? நீங்கள் கொடுத்த சீட்டில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இதில் எதுவும் பொய் இல்லை. கேட்டவளும் ஒழுங்காகத்தான் கேட்டாள், சொன்னவளும் ஒழுங்காகத்தான் சொன்னாள்.

சுப்புலட்சுமி அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். “அப்ப உங்களுக்குத் தெரியாம குடிக்கிறாரும்மா. எல்லா பேஷண்டும் செய்யறதுதான். பாத்ரூம் பக்கெட்ல குடிச்சவங்களயெல்லாம் நான் பாத்திருக்கேன். கண்ணக் கொட்டாம பாத்துக்கங்க. இப்படியே போனா ஒரு நாள் மூச்சடைச்சுடும்.”

அன்றிலிருந்து பதுருன்னிசா போலீஸ்காரி ஆனாள். வேறு என்ன செய்வாள்? உயிர் போகும் என்கிறார்களே. குடத்தின் உட்புறம் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கத்தரி முனையால் கீறிக் கோடு போட்டாள். பின்வாசல் டிரம்முக்கு மூடி செய்து பூட்டுப் போட்டாள், சாவி முந்தானையில். வாஷ்பேசின் குழாயின் திருகைக் கழற்றி எடுத்துவிட்டாள். அவர் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று, தொண்டையில் மடக் என்று சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். முப்பத்தோரு வருஷம் கூடவே குடும்பம் நடத்திய மனுஷனை ஒட்டுக்கேட்பது என்றால் சும்மாவா? உடம்பெல்லாம் கூசத்தான் செய்தது. ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போனதே! தண்ணீர் கோட்டிலேயே நின்றது, பூட்டு அப்படியே இருந்தது, எடை மட்டும் ஏறியது. இவர் எங்கே குடிக்கிறார், எப்போது குடிக்கிறார் என்று அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

தாகத்தில் கிடக்கிறவரை இப்படிப் பூட்டி வைக்கிறோமே என்று இன்னொரு பக்கம் அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இன்னும் இரண்டு காய் கூடுதலாக நறுக்குவாள்.

சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விருத்தாசலத்திலிருந்து மகள் பாயிஜாவும் மருமகன் பரீத்தும் வந்திருந்தார்கள். அசர் தொழுகை நேரம். கபார் குளியலறையில் ஒரு செம்பு மொண்டுகொண்டு பின்வாசலில் ஒளு செய்ய உட்கார்ந்தார். ஒளு என்றால் கை கழுவி, மூன்று தடவை வாய் கொப்பளித்து, முகம் கழுவவேண்டும் இல்லையா? அவர் வாயில் தண்ணீரை எடுத்ததைப் பதுருன்னிசா பார்த்தாள். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, வேளைக்கு மூன்று வாய்! தேடிக்கொண்டிருந்த திருடன் அகப்பட்டுவிட்டான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவள் குரல் உயர்ந்தது. மருமகன் இருக்கிறான் என்பதையும் மறந்தாள்.

“ஒளு செய்றேன்னு சொல்லிக்கினு முழுங்குறீங்க. அல்லாஹ்வோட பேரச் சொல்லி திருடுறீங்க. நான் ஒருத்தி உங்க உசுரக் கையில புடிச்சிக்கினு நிக்கிறேன், நீங்க என்னை ஏமாத்துறீங்க.”

கபார் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். கீழே விழுந்த அந்தத் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பரீத் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். பாயிஜா, “ஏன் அத்தா இப்படிப் பண்றீங்க?” என்று அழ ஆரம்பித்தாள். அவர் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

“நீ குடுத்ததத் தவிர வேற எதுவும் என் வாயில போகல, பதுரு.”

அவள் நம்பவில்லை. எடை பொய் சொல்லுமா என்று கேட்டாள். இனிமேல் ஒளு வேண்டாம், தயம்மும் செய்து தொழுங்கள் என்றாள். தண்ணீர் கிடைக்காதவர்களும், தண்ணீரால் உயிருக்கு ஆபத்து என்கிற நோயாளிகளும் சுத்தமான மண்ணில் உள்ளங்கையைத் தட்டி முகத்திலும் கையிலும் தடவிக்கொள்வதுதான் தயம்மும். வாயில் எடுத்ததை விழுங்காத தனக்கு, தண்ணீர் இருக்கிற வீட்டில் அது செல்லாது என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதில் நெல்லிக்குப்பம் மதரசாவில் ஓதியவர். ஆனாலும் பந்தலுக்குப் பக்கத்தில், அப்போதுதான் நனைந்திருந்த பாத்தியைத் தாண்டிக் காய்ந்த மண் இருந்த இடத்தில் மெல்லக் குனிந்து கையைத் தட்டி, முகத்தில் தடவிக்கொண்டு, உள்ளே போய்த் தொழுதார். நெற்றியில் செம்மண் அப்படியே இருந்தது. பாயிஜாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்காமல், சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம் அப்படிப் போனது. அந்த இரண்டு வாரமும் கபார் அவளிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. கொடுத்தால் குடித்தார். வெள்ளரியை நறுக்கி வைத்தால் மட்டும் மறுக்காமல் தின்றார். அக்னி நட்சத்திரம் பிறந்திருந்தது, அனல் அடித்தது. அவர் பேசாமல் இருப்பது அவளைத் தின்றது. கோபம் தணியட்டும் என்று தட்டை இன்னும் கொஞ்சம் நிரப்பினாள்.

டயாலிசிஸில் வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் நீண்ட இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வைத்த காயை மட்டும் தின்றுவிட்டு லுஹர் தொழ உட்கார்ந்தார். நெற்றியைத் தரையில் வைக்க ஸஜ்தாவுக்குக் குனிந்தவர் நிமிர்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிவிட்டது. பதுருன்னிசா போட்ட கூச்சலில் ராஜாங்கம் ஓடி வந்து, ஒரு ஆட்டோவைப் பிடித்து, ஆட்டோக்காரனும் சேர்ந்து மூன்று பேருமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவர் நெஞ்சிலிருந்து கொப்பளிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். லீவில் இருந்த சுப்புலட்சுமியைக் கூப்பிட்டு வரவழைத்து மெஷினைப் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள், முகம் சரியில்லை. உள்ளே டாக்டர் கேட்கிறார், காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள். பதுருன்னிசா சொன்னாள். காலையில் ஒரு இட்லி. தண்ணீர் இரண்டு டம்ளர். அப்புறம் வெள்ளரிக்காய்.

எத்தனை என்று கேட்டாள் சுப்புலட்சுமி.

காலையில் மூன்று, மத்தியானம் மூன்று என்றாள். தினமுமா என்று கேட்டதற்கு, ஆமாம், நம் வீட்டில் காய்ப்பதுதான், சீட்டில் இருக்கிறதே, நீர் பிரிக்கும் என்றுதான் கொடுக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவேகூடச் சொன்னாள். சுப்புலட்சுமி அந்த பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, வெள்ளரிக்கா முழுக்க முழுக்கத் தண்ணிம்மா. ரெண்டு காய் தின்னா ரெண்டு டம்ளர் குடிச்ச மாதிரி. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு துண்டுதான் கணக்கு. நான் ஊத்துறத மட்டுமே கேட்டுக்கினு இருந்துட்டேனே.”

பதுருன்னிசாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம் என்று கொடிக்கு ஊற்றியது எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று விளங்கியது. பூட்டுப் போட்டது, கோடு போட்டது, கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்டது, மருமகன் முன்னால் திருடன் என்றது, மண்ணைத் தடவவைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. தெரியாமல் செய்ததுதானே, உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள் என்று சுப்புலட்சுமி என்னென்னவோ சொன்னாள். அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவள் எழுந்து நேராக அவர் கிடந்த அறைக்குள் போனாள்.

அவர் கண் மூடியிருந்தது. மாஸ்க்குக்குள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. “என்னாங்க, நீங்க குடிக்கல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க குடிக்கல” என்று காதருகே குனிந்து சொன்னாள். கேட்டதோ இல்லையோ. இன்னும் ஒரு தடவை சொல்வதற்குள் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவர் வழக்கமாக எடை பார்க்க ஏறி நிற்கிற நேரத்தில், உயிர் பிரிந்தது.

மய்யித்தைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டுவதற்குப் பின்பக்கம் சேலைகளைக் கட்டி மறைத்துவிட்டு, டிரம்மின் சாவி எங்கே என்று பரீத் வந்து கேட்டான். முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். மறைப்புக்கு அந்தப் பக்கம் குடம் குடமாக ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. பதுருன்னிசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராகச் சாய்ந்திருந்தாள்.

வீடு நிறையப் பெண்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து கபாரின் அக்கா ஆசிஃபா வந்திருந்தாள். பாயிஜா அழுதுகொண்டே எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தாள், அத்தா தாகம் தாங்காமல் தெரியாமல் தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டார் என்று. அது வாய்க்கு வாய் போய், பாவம் மனுஷன் நாக்கை அடக்க முடியாமல் போய்ச் சேர்ந்தார், இந்தப் பொம்பளை பூட்டுப் போட்டுக்கூடக் காப்பாற்றப் பார்த்தாள், இவள் பட்ட பாடு யாரும் பட மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து அவள் தலையைத் தடவி, நீ குறை வைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கலியம்மாள்கூட அதைத்தான் சொன்னாள். அவளிடம் உண்மையைச் சொல்லப் பதுருன்னிசா வாயெடுத்தாள். விதை கொடுத்த கையைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

கஃபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், புருஷன் செய்த குற்றம் குறையை எல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்று மனைவி வாயால் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். அப்போதுதான் போகிறவர் பாரமில்லாமல் போவார் என்பார்கள். ஆண்கள் வாசலில் காத்திருந்தார்கள். ஆசிஃபா அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து முகத்தருகே உட்காரவைத்தாள்.

“உன் பேச்ச மீறி அவன் குடிச்சதையெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு.”

பதுருன்னிசா அவர் முகத்தையே பார்த்தாள். வீக்கம் வடிந்து, பழைய முகமாக இருந்தது.

“அவுங்க குடிக்கல. ஒரு வாய்கூட குடிக்கல. நான்தான் நறுக்கி நறுக்கி குடுத்தேன். நான் என்னாத்தப் பொறுக்குறது? அவுங்கதான் என்னைப் பொறுக்கணும். அவுங்கள எழுப்பிக் கேளுங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் தலைக்கேறிவிட்டது, பிதற்றுகிறாள் என்றாள் ஒருத்தி. பாயிஜா அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவள் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்பார் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நேரமாகிறது என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஆசிஃபா வாசல்பக்கம் திரும்பி, பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாள், தூக்குங்கள் என்றாள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு அப்துல் கபார் தெருவில் இறங்கிப் போனார்.